சுபிக்ஷம் திரும்புமா?

'சுபிக்ஷம்' என்ற சொல்லுக்கு இன்று நாம் கொள்ளும் பொருள் செழிப்பு, வளம். வடமொழியில் அதன் வேர் இன்னும் சுவையானது. பிக்ஷை எளிதாகக் கிடைக்கும் காலம் சுபிக்ஷம். பிக்ஷைகூடக் கிடைக்காத காலம் துர்பிக்ஷம், அதாவது பஞ்சம். நாடு செழிப்பாக இருக்கிறதா என்பதை அரசனின் கருவூலத்தைக் கொண்டு அளக்காமல், வாசலில் வந்து நிற்பவனுக்கு ஒரு பிடி அரிசி விழுகிறதா என்பதைக் கொண்டு அளந்த சொல். 1997இல் திருவான்மியூரில் ஒரு மளிகைக் கடை இந்தப் பெயருடன் திறக்கப்பட்டபோது அதன் வேரை யாரும் யோசித்திருக்கமாட்டார்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கடைகள் மூடப்பட்டபோது, சொல்லின் இரண்டு முனைகளையும் சென்னையின் நடுத்தர வர்க்கம் ஒருசேரப் பார்த்துவிட்டது.

மந்தைவெளி, மயிலாப்பூர், அடையாறு வட்டாரத்தில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் மளிகை விலையைப் பற்றிப் பேச்செடுத்தால் சுபிக்ஷாவின் பெயர் வராமல் இராது. "நல்ல கடையப்பா, யாராவது மறுபடியும் எடுத்து நடத்தலாமே" என்று ஒரு பெருமூச்சும் கூடவே வரும். இந்தப் பெருமூச்சைச் சற்றுப் பொருட்படுத்திப் பார்க்கலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். இறந்துபோன கடை ஒன்றுக்கு உயிர் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வி வணிகர்களுடையது மட்டுமல்ல. எதை இழந்தோம் என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் எதை இழந்தோம் என்ற கேள்வியும் அதற்குள் இருக்கிறது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை இப்பகுதியில் மளிகை என்றால் அண்ணாச்சி கடைதான். மாதத் தொடக்கத்தில் பட்டியல் எழுதிக் கொடுத்தால் சாமான் வீடு தேடி வரும். கணக்கு நோட்டில் ஏறும். சம்பளம் வந்ததும் தீரும். விலையைப் பற்றிப் பெரிதாகப் பேச்சு கிடையாது. பொட்டலப் பொருள்களில் எல்லா வரிகளும் உட்பட அதிகபட்ச சில்லறை விலையை அச்சிட வேண்டும் என்ற விதி 1990இல்தான் வந்தது. நுகர்வோரைக் காக்கவென்று வந்த அந்த விதிக்கு விசித்திரமான ஒரு விளைவும் இருந்தது. 'அதிகபட்சம்' என்ற சொல் அச்சில் இருந்தும், கடைக்காரரும் வாங்குபவரும் அதையே 'விலை' என்று எடுத்துக்கொண்டார்கள். கூரை என்று சொல்லப்பட்டது தரையாகிவிட்டது.

1996இல் மந்தைவெளியை ஒட்டிய ராஜா அண்ணாமலைபுரத்தில் ஃபுட்வேர்ல்டு தன் முதல் கடையைத் திறந்தது. குளிரூட்டிய கூடம், தள்ளுவண்டி, தானே எடுத்துக்கொள்ளும் வசதி. பருப்பு வாங்கப் போவதற்குப் புடவை மாற்றிக்கொண்டு போக வேண்டும் என்ற எண்ணத்தை இப்பகுதிக்குக் கொண்டுவந்தது அதுதான் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு வந்த சுபிக்ஷா எல்லா வகையிலும் அதற்கு நேர் எதிர். குளிரூட்டல் கிடையாது. பெரிய சாலையில் கடை கிடையாது. உள்தெருவில், வாடகை குறைந்த இடத்தில், ஆயிரம் அல்லது ஆயிரத்தைந்நூறு சதுர அடி. அலங்காரம் என்று சொல்ல எதுவும் இல்லை. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்போம் என்ற ஒரே வாக்குறுதி. அதுவும் ஆடித் தள்ளுபடி போல ஒரு மாதத்துக்கு அல்ல, ஆண்டு முழுவதும்.

நிறுவியவர் ஆர். சுப்பிரமணியன். சென்னை ஐ.ஐ.டி.யிலும் அகமதாபாத் ஐ.ஐ.எம்.மிலும் படித்தவர். 1991இலேயே விஸ்வப்ரியா என்ற நிதி நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். இந்த வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சுபிக்ஷாவின் மிகத் துணிச்சலான செயல் மருந்துகளுக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி கொடுத்தது. அக்காலத்தில் விலைக் கட்டுப்பாட்டில் இருந்த மருந்துகளுக்குச் சில்லறைக் கடைக்காரருக்கு 16 சதவீதமும் மொத்த வியாபாரிக்கு 8 சதவீதமும் கழிவு. சில்லறைக் கழிவில் பத்தை விட்டுக்கொடுத்தால் மீதி ஆறில் வாடகை, சம்பளம், மின்சாரம் எல்லாம் அடங்க வேண்டும். தனிக்கடைக்கு அது தற்கொலை. ஆனால் நூறு கடைகளுக்குச் சேர்த்துக் கொள்முதல் செய்பவன் மொத்த வியாபாரியின் எட்டையும் தன் பக்கம் இழுத்துக்கொண்டால் கணக்கு நேராகிவிடும். மருந்துக்கடைக்காரர்களின் எதிர்ப்பு கடுமையாக இருந்ததில் வியப்பில்லை. ஆனால் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்கும் ஓய்வூதியக்காரருக்கு அந்தப் பத்து சதவீதம் வெறும் காசாக இல்லை. மருந்துக்கடையில் பேரம் பேச முடியும் என்பதையே அவர் அன்றுதான் அறிந்தார். மந்தைவெளியின் பெருமூச்சில் பாதி இந்த மாத்திரைப் பட்டையிலிருந்து வருவது என்று நினைக்கிறேன்.

இதுவரை நடந்தது ஒரு நல்ல கடையின் கதை. 2000இல் ஐசிஐசிஐ வென்ச்சர் பங்குதாரராகச் சேர்ந்தது. 2006 வாக்கில் சுமார் 150 கடைகள், அநேகமாக எல்லாமே தமிழ்நாட்டு எல்லைக்குள். வேறு ஒருவராக இருந்தால் இங்கேயே நின்று மூச்சு வாங்கியிருப்பார். ஆனால் அந்த ஆண்டுதான் ரிலையன்ஸ் சில்லறை வணிகத்துக்குள் நுழைந்தது. பெரும் நிறுவனங்கள் வருவதற்குள் நாடு முழுவதையும் பிடித்துவிட வேண்டும் என்ற வெறி எல்லோரையும் பற்றிக்கொண்டிருந்த நேரம். தில்லி, மும்பை, குஜராத், கர்நாடகம், ஆந்திரம் என்று சுபிக்ஷா பரவியது. 2008 இறுதியில் ஏறத்தாழ 1,600 கடைகள். கணக்குப் போட்டால் இடைப்பட்ட காலத்தில் நாளுக்கு ஒரு கடைக்கும் மேல் திறந்திருக்கிறார்கள். மளிகையோடு கைப்பேசியும் விற்றார்கள். அந்த ஆண்டு அசீம் பிரேம்ஜியின் முதலீட்டு நிறுவனம் பத்து சதவீதப் பங்குகளை 230 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஆனால் அந்தப் பணம் கடைக்குள் வரவில்லை. பங்கை விற்ற ஐசிஐசிஐ வென்ச்சருக்குப் போனது. விரிவாக்கத்துக்கான பணம் பெரும்பாலும் கடனாகவே வந்துகொண்டிருந்தது.

மளிகைச் சங்கிலி ஒன்றின் பண ஓட்டத்தை இங்கே கொஞ்சம் விளக்கியாக வேண்டும், ஏனென்றால் விழுந்த கதையின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. கடை இன்று ரொக்கத்துக்கு விற்கிறது. சரக்கு கொடுத்தவருக்குச் சில வாரங்கள் கழித்துப் பணம் கொடுக்கிறது. இடையில் அந்தப் பணம் கடையின் கையில் இருக்கும். கடைகள் பெருகப் பெருகக் கையில் தங்கும் பணமும் பெருகும். அது லாபம் போலவே தோற்றமளிக்கும். வளர்ச்சி நின்ற அன்று நிலைமை தலைகீழாகும். பழைய பாக்கிகள் வரிசையாக வந்து நிற்கும், புதிய வரவு இருக்காது. பாக்கி வராத விநியோகஸ்தர் சரக்கை நிறுத்துவார். அலமாரி காலியானால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போவார். விற்பனை விழுந்தால் பாக்கி இன்னும் ஏறும். 2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் சாய்ந்து உலகெங்கும் கடன் வறண்டபோது சுபிக்ஷா இந்தச் சுழலுக்குள் விழுந்தது. 2009இன் தொடக்கத்தில் சம்பளம் நின்றது, வாடகை நின்றது, கடைகள் ஒன்றன்பின் ஒன்றாக இழுத்து மூடப்பட்டன. 300 கோடி கிடைத்தால் மீண்டும் எழுந்துவிடுவோம் என்று நிறுவனர் சொல்லிக்கொண்டிருந்தார். சுமார் 15,000 ஊழியர்களுக்கு அந்த வாக்கியத்தால் ஒரு பயனும் ஏற்படவில்லை.

ஒப்பிடுவதற்கு டிமார்ட்டைச் சொல்வார்கள். 2002இல் மும்பையில் தொடங்கிய அந்த நிறுவனத்தின் கடைகள் 2017 மார்ச்சில் 131தான். பதினைந்து ஆண்டுகளில், சுபிக்ஷா தமிழ்நாட்டில் மட்டும் வைத்திருந்த அளவைக்கூட அது எட்டவில்லை. கடைக்கான இடத்தைப் பெரும்பாலும் சொந்தமாக வாங்கியது. சரக்கு கொடுத்தவருக்கு விரைவில் பணம் கொடுத்து, அதற்குப் பதிலாக விலையைக் குறைத்துக்கொண்டது. அச்சிட்ட விலைக்குக் கீழே விற்பது என்ற கொள்கை இரண்டுக்கும் ஒன்றுதான். ஒன்று இருக்கிறது, ஒன்று இல்லை. ஆகவே கொள்கை தவறு என்று சொல்ல முடியாது.

வினோதமான ஒரு தற்செயல்: சுபிக்ஷா மூடிய அதே வாரங்களில்தான் பிரிட்டனின் கடைத்தெருக்களிலிருந்து வுல்வொர்த்ஸ் மறைந்தது. 1909இல் லிவர்பூலில் முதல் கடை திறந்த நிறுவனம். 2008 நவம்பரில் நொடித்தது. 2009 ஜனவரி 6ஆம் தேதிக்குள் 807 கடைகளும் மூடப்பட்டன. 27,000 பேருக்கு வேலை போயிற்று. அங்கேயும் அதே பெருமூச்சு எழுந்தது. பெயரை மட்டும் ஒரு நிறுவனம் வாங்கி இணையக் கடையாக நடத்தியது. 2015இல் அதுவும் நின்றது. ஆனால் டார்செஸ்டர் என்ற சிறிய ஊரில், அங்கே மேலாளராக இருந்த பெண்மணி ஒருவர் பழைய ஊழியர்களைச் சேர்த்துக்கொண்டு, அதே கட்டடத்தில், 'வெல்வொர்த்ஸ்' என்ற பெயரில் 2009 மார்ச்சிலேயே கடை திறந்துவிட்டார். சில ஆண்டுகள் அது நடந்தது. பெயரை வாங்கியவருக்குக் கடை அமையவில்லை. கடையைத் தெரிந்தவருக்குப் பெயர் தேவைப்படவில்லை. 2023இல் வில்கோ என்ற இன்னொரு பிரிட்டிஷ் சங்கிலி விழுந்தபோதும் பெயரைத் தனியே விலைபேசி விற்றார்கள். நொடித்த நிறுவனத்தின் பெயரை வாங்குபவர் அதன் கடன்களை வாங்குவதில்லை என்பது இந்த வியாபாரத்தின் விதி. மறுபிறப்பு என்று நாம் மகிழ்வது, சட்டத்தின் கண்ணில், முற்பிறவியின் பாக்கி ஒட்டாத பிறப்பு.

இங்கேதான் சுபிக்ஷாவின் மறுபிறப்பு எனக்கு உறுத்துகிறது. விஸ்வப்ரியாவின் வழக்கில் சென்னைச் சிறப்பு நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்தது. 587 முதலீட்டாளர்களை 137 கோடி ரூபாய் அளவுக்கு ஏமாற்றிய குற்றத்துக்காகச் சுப்பிரமணியனுக்கு 20 ஆண்டுச் சிறை. 137 கோடியை 587ஆல் வகுத்துப் பாருங்கள். ஆளுக்குச் சராசரியாக 23 லட்சத்துக்கு மேல் வருகிறது. ஓய்வுபெற்றபோது வந்த தொகை, வீட்டை விற்ற தொகை என்று ஒரு வாழ்நாளின் முழுச் சேமிப்பாக இருக்கக்கூடிய அளவு அது. மாத்திரைப் பட்டையில் பத்து சதவீதம் மிச்சம் பிடித்த வர்க்கமும், வங்கியைவிட இரண்டு சதவீதம் கூடுதல் வட்டிக்கு ஆசைப்பட்டு இதுபோன்ற நிறுவனங்களில் முதல் போடும் வர்க்கமும் வேறுவேறு அல்ல. மாதம் நூறோ இருநூறோ சேமித்த அதே பண்பு, அதே சிக்கனம், அதே கணக்கு. பெருமூச்சு விடுபவர்களின் நினைவில் கடை தனியாகவும் நிதி நிறுவனம் தனியாகவும் இருக்கின்றன. மயிலாப்பூர் வட்டாரத்துக்கு இது புதிய அனுபவமும் அல்ல. 1872இல் தொடங்கிய ஓர் உள்ளூர் நிதி நிறுவனத்தின் வாசலில் முதியவர்கள் தங்கள் வைப்புப் பத்திரங்களோடு நின்ற காட்சியை 2024இலும் பார்த்தோம்.

இன்னும் பின்னே போகலாம். 1906 அக்டோபரில் சென்னையின் மாபெரும் வங்கி நிறுவனமான ஆர்பத்நாட் நொடித்தது. அரசு ஊழியர்கள், விதவைகள், கோயில்கள், சிறு வியாபாரிகள் என்று எல்லோருடைய பணமும் அதில் இருந்தது. சர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டுக்குப் பதினெட்டு மாதக் கடுங்காவல். அப்போது மயிலாப்பூரின் வழக்கறிஞர்கள் என்ன செய்தார்கள் என்பதே நம் கேள்விக்கு நெருக்கமான முன்னுதாரணம். ஆர்பத்நாட்டைத் தூக்கி நிறுத்தலாம் என்று அவர்கள் புறப்படவில்லை. வி. கிருஷ்ணசாமி ஐயர் முன்னின்று, சுதேசிகளின் முதலைத் திரட்டி, 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். பழைய பெயரின் மதிப்பைப் பயன்படுத்த வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. அந்தப் பெயரில் இனி மதிப்பு எது? (அதே நெருக்கடியில் ஆடிப்போன பின்னி கம்பெனி புதிய முதலாளியின் கையில் பிழைத்துக்கொண்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லா மறுபிறப்பும் பொய்யல்ல. பின்னியிடம் ஓடுகிற ஆலைகள் இருந்தன.)

வங்கிக்கு இந்தியன் வங்கி என்றால், மளிகைக்கு விடை அதற்கும் முன்பே திருவல்லிக்கேணியில் தொடங்கியிருந்தது. 1904இல் உருவான திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், டி.யு.சி.எஸ். இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராக இருந்த வி.எஸ். ஸ்ரீனிவாச சாஸ்திரி அதை நிறுவியவர்களில் ஒருவர். அறுபது ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ராச்டேலில் இருபத்தெட்டுத் தொழிலாளர்கள் திறந்த கடைதான் இத்தகைய சங்கங்களுக்கெல்லாம் மூதாதை. அங்கே கண்ட சூத்திரம் எளியது. சந்தை விலைக்கே விற்பது. ஆண்டு முடிவில் மிஞ்சியதை, யார் எவ்வளவு வாங்கினார்களோ அந்த விகிதத்தில் உறுப்பினர்களுக்கே திருப்பித் தருவது. அதாவது தள்ளுபடி முன்கூட்டியே தரப்படும் கவர்ச்சி அல்ல. கணக்கு முடிந்தபின், உண்மையிலேயே மிஞ்சியிருந்தால் மட்டும் கிடைப்பது. கடனில் வாங்கிய பணத்தைத் தள்ளுபடியாகக் கொடுக்க அந்த முறையில் வழியே இல்லை. வாங்குபவரே உரிமையாளர். கணக்குப் புத்தகத்தைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. சுபிக்ஷாவில் பத்தாண்டுகள் வாங்கியவருக்கு அந்த நிறுவனத்தின் கணக்கைப் பற்றி நாளிதழ் சொன்னதற்கு மேல் ஒன்றும் தெரியாது.

கூட்டுறவை ஒரு பொற்காலமாக நான் வரையவில்லை. டி.யு.சி.எஸ். இன்றும் இருக்கிறது, ஆனால் நகரவாசிகளில் பலருக்கு அது ரேஷன் கடையின் பெயர்ப் பலகையில் காணும் நான்கு எழுத்து. கூட்டுறவு அங்காடிகள் அரசின் கைக்குள் போனபின், உறுப்பினர் என்பவர் ஒரு சடங்காகிவிட்டார். அதிகாரிகள் வந்தார்கள், போனார்கள். அலமாரியில் தூசி படிந்தது. சுபிக்ஷாவுக்கு இடம் கிடைத்ததே அந்தத் தூசியால்தான் என்றும் வாதிடலாம். டி.யு.சி.எஸ். நன்றாக நடந்திருந்தால் 1997இல் இந்நகரத்துக்கு இன்னொரு மலிவுக் கடை தேவைப்பட்டிருக்காது.

மறுபடியும் வேண்டும் என்பவர்கள் கேட்பது மூன்று. மலிவு, வீட்டுக்கு அருகாமை, நம்மூர்ப் பெயர். முதலிரண்டையும் தருவதாகச் சொல்லிக்கொண்டு இன்று கைப்பேசிச் செயலிகள் பத்து நிமிடத்தில் வெங்காயத்தை வாசலுக்குக் கொண்டுவருகின்றன. தள்ளுபடிக்கான பணம் அங்கேயும் பெரும்பாலும் முதலீட்டாளரின் பையிலிருந்து வருகிறது என்பதை 2008ஐப் பார்த்தவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். செயலியைத் தொடத் தெரியாத எண்பது வயதுப் பாட்டிக்கு, நடந்து போகும் தூரத்தில், விலையைப் படித்து, பொருளைத் தொட்டுப் பார்த்து வாங்க ஒரு கடை தேவை என்ற வாதம் ஒன்றுதான் எனக்கு வலுவாகப் படுகிறது. அது உண்மையான தேவை. சுபிக்ஷா அதை நிறைவேற்றியது என்பதும் உண்மை. ஆனால் அதற்கு ஆயிரத்தறுநூறு கடைகள் எதற்கு? ஐந்தாறு தெருக்களுக்கு ஒரு கடை, உறுப்பினர் முந்நூறு பேர், மாதாமாதம் சுவரில் ஒட்டப்படும் வரவுசெலவு, இவை போதும். ஆர்.கே. மடம் சாலையிலிருந்து கால்வாய்க்கரை வரையுள்ள அடுக்ககங்களில் குடியிருப்போர் சங்கம் இல்லாத கட்டடம் அரிது. தண்ணீர் லாரிக்கும் மின்தூக்கிக்கும் கணக்கு எழுதும் அச்சங்கத்துச் செயலாளர்கள், கணக்கு விஷயத்தில் எந்த முதலீட்டு நிறுவனத்தையும்விடக் கறாரானவர்கள்.

ஆகவே என் கட்சி இது: அந்த வடிவம் திரும்பட்டும், அந்தப் பெயர் வேண்டாம். பெயரை யாராவது எடுத்தாலோ, 587 பேரின் பணத்தையும் ஊழியர்களின் பாக்கிச் சம்பளத்தையும் சேர்த்து எடுக்கட்டும். சட்டம் அப்படிக் கேட்காது என்பதை அறிவேன். நாம் கேட்கலாம்.

பெயருக்கு வேறொரு வகை ஆயுளும் இருக்கிறது. அண்ணா நகரில் சிந்தாமணி என்றொரு கூட்டுறவு அங்காடி இருந்தது. அங்காடி போய்விட்டது. பேருந்து நிறுத்தம் இருக்கிறது. அங்கே ஏறி இறங்கும் கல்லூரிப் பிள்ளைகளிடம் சிந்தாமணி என்றால் என்ன என்று கேட்டால், ஐம்பெருங்காப்பியத்தில் ஒன்று என்று சொல்பவர்கள் சிலர் இருப்பார்கள். பருப்பு விற்ற கடை என்று சொல்பவர்கள் அநேகமாக இருக்கமாட்டார்கள்.